மைனஸ் அண்ணாச்சியும் பனிச்சிறுத்தையும்

வளைகுடாவுக்கு வந்த தமிழர்கள் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். குளிரைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஆண்டவன் தனியாக அனுப்பிவைத்த ஒரே ஆள் எங்கள் மைனஸ் அண்ணாச்சி. துபாய் ஜெபல் அலியில் நடுக்கோடை மத்தியானம், தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவன் தெரியாத்தனமாக "என்னா வெயிலு" என்று சொல்லிவிட்டால் போதும். "அது பிளஸ்ஸுடே. நமக்குச் சம்பந்தமில்லாத டிபார்ட்மெண்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் கம்பெனிக்கு ஜெபல் அலியில் ஒரு கோல்டு ஸ்டோர். உறைந்த கோழி, உறைந்த மீன், உறைந்த பட்டாணி, உறைந்த பரோட்டா என்று கப்பலில் வந்து இறங்குவதெல்லாம் பெட்டி பெட்டியாக உள்ளே போய், லாரி லாரியாக வெளியே போகும். உள்ளே எந்நேரமும் மைனஸ் இருபது. மீசையில் பனி பூக்கும். மூக்கில் ஒழுகுவது ஒழுகி முடிப்பதற்குள் உறைந்துவிடும். புதிதாக வந்தவன் ஒரு மாதத்தில் வேறு வேலை கேட்டு சூப்பர்வைசர் காலைப் பிடிப்பான். அண்ணாச்சி அந்தக் குளிருக்குள் பல வருஷமாக இருந்தார். லீவில் ஊருக்குப் போனால், திசையன்விளை வெயிலில் தனக்கு உடம்பு கெட்டுவிடுகிறது என்று சீக்கிரம் திரும்பி வந்துவிடுவார்.

ரூமில் ஏசி ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் இருக்கும். பதினாறுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதே என்று அந்த மெஷின்மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல். மற்றவர்கள் ஆகஸ்ட் மாதத்தில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்போம். அவர் ஒரு கைலியோடு வெற்றுடம்பாகப் படுத்துக்கொண்டு, "புழுக்கமா இருக்குல்லா?" என்பார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் அறந்தாங்கிப் பக்கம். கணக்கு வாத்தியாருக்குப் பயந்து எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு எட்டோடு நின்றது, பயம் நிற்கவில்லை. அது வருஷா வருஷம் பாஸாகி, பட்டம் வாங்கி, விசா எடுத்து என்னோடு துபாய் வரைக்கும் வந்துவிட்டது. ஃபோர்க் லிஃப்ட் ஓட்டும்போது அடுக்கு சரியுமோ என்று பயம். ஓட்டாமல் நின்றால் வேலை போகுமோ என்று பயம். அண்ணாச்சி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ அறந்தாங்கி" என்றுதான் கூப்பிடுவார்.

இந்த இடத்தில் ஃப்ரீஸர் வேலையில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். உள்ளே ஒருத்தன் போனால் வெளியே ஒருத்தன் நிற்க வேண்டும். வெளியே நிற்பவன் அவ்வப்போது கதவைத் திறந்து குரல் கொடுப்பான், உள்ளே இருப்பவன் பதில் குரல் கொடுக்க வேண்டும். குளிர் பொல்லாதது. ஆளை அடித்து வீழ்த்தாது. தாலாட்டித் தூங்கவைக்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு. மற்றவர்கள் "ஓகேயா?" என்பார்கள், உள்ளேயிருந்து "ஓகே" என்று வரும், கதவைச் சாத்திவிடுவார்கள். அண்ணாச்சிக்கு அது ஆகாது.

"ஓகேன்னு உறைஞ்சு போனவனும் சொல்லுவான்டே. அது வாய் தன்னால சொல்லுதது. மண்டை வேலை செய்யுதான்னு பாக்கணும்னா அவனவன் சரக்குல இருந்து கேக்கணும்" என்பார்.

அப்படியே கேட்பார். உள்ளே இருப்பது மலையாளி என்றால் நேற்று நடந்த பந்தாட்டத்தில் யார் கோல் போட்டது என்று கேட்பார். கல்யாணம் நிச்சயமான பையன் என்றால் பெண்ணுக்கு எந்த ஊர் என்பார். தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். நான் உள்ளே இருந்தால் ஒரே கேள்விதான்.

"ஏ அறந்தாங்கி, இப்ப என்ன கவலை?"

என்னிடம் எப்போதும் தயாராக ஒன்று இருக்கும். அண்ணாச்சி, இந்த மழைக்கு ஊர்ல எங்க வீட்டுப் பின்சுவரு நிக்குமான்னு தெரியலை. அண்ணாச்சி, புது மேனேஜர் நேத்து என்னைப் பாத்துச் சிரிச்சாரு, எதுக்கா இருக்கும்? அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கம் மயக்கம் போட்டு விழுந்துட்டா எனக்கு யாரு கதவைத் திறப்பா? ஒரு தடவை சொன்னதை மறு தடவை நான் சொன்னதில்லை. "நல்லது. மண்டை நல்லா ஓடுது" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மெஸ் டிவியில் பனிச்சிறுத்தை வந்தது.

லடாக் என்ற மலைப்பிரதேசம். மரமில்லாத மலைகள், பாறை உச்சியில் ஒட்டிவைத்தாற்போல் புத்த மடங்கள், எங்கு பார்த்தாலும் பனி. அந்தப் பனிக்குள் ஒரு பாறை மெதுவாக எழுந்து நடந்தது. பார்த்தால் அது பாறை இல்லை, சிறுத்தை. உடம்பு நீளத்துக்கு வால். உட்கார்ந்ததும் அந்த வாலைத் தூக்கிக் கழுத்தில் மப்ளர் மாதிரிச் சுற்றிக்கொண்டது. அண்ணாச்சி தட்டைப் பிடித்தபடி நின்றே போனார். சாம்பார் ஆறி ஆடை கட்டியது.

"நான் மைனஸ் இருபதுல நிக்கேன்னா சம்பளம் தாரான், நிக்கேன்" என்றார் என்னிடம். "இதுக்கு யாருடே சம்பளம் தாரா? சும்மா இருக்கு பாரு. பிள்ளைகுட்டியோட, ஜம்முன்னு இருக்கு."

"அது மிருகம் அண்ணாச்சி."

"மிருகமா? நம்ம டிபார்ட்மெண்டுடே அது."

அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. இத்தனை வருஷத்தில் அவர் குளிரை யாரும் புரிந்துகொண்டதில்லை. வீட்டுக்குப் பேசினால், அவர் மனைவி, எங்களுக்கு மதினி, "வெயில்ல அலையாதிய" என்றுதான் போனை வைக்கும். துபாயில் இருந்துகொண்டு குளிருகிறது என்றால் எவன் நம்புவான்? தன்னைப் போல இன்னொரு ஜீவன் குளிருக்குள் குடியிருக்கிறது, அதுவும் கம்பீரமாக இருக்கிறது என்பதை ஒருதரம் நேரில் பார்த்துவிட்டால், மிச்ச காலத்தை ஃப்ரீஸரில் தெம்பாக ஓட்டிவிடலாம் என்று அவர் நம்பினார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

பயிற்சி ஆரம்பமானது. முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் மாடிப்படிகளை ஏறி இறங்கினார். சிறுத்தை பார்ப்பதற்கு அசையாமல் உட்காரத் தெரிய வேண்டும் என்று யாரோ சொல்ல, சந்தையில் ஒரு மலிவு பைனாகுலர் வாங்கி, குப்பைத்தொட்டிப் பக்கம் படுத்திருக்கும் கேம்ப் பூனையை மணிக்கணக்காகப் பார்த்தார். பூனை இரண்டு நாள் பொறுத்தது. மூன்றாம் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்துக் கேம்ப்புக்குக் குடிபோய்விட்டது. அண்ணாச்சி பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்ப, குளித்துவிட்டு வராண்டாவில் துண்டோடு நின்றவர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரிக்க வந்த கேம்ப் பாஸிடம், "பூனை பாக்கேன் சார்" என்றார் அண்ணாச்சி. அந்தப் பூனை எங்கே என்று கேட்டதற்கு, அதைத்தான் நானும் தேடுகிறேன் என்றார். பைனாகுலர் ஒரு வாரம் ஆபீஸில் இருந்தது.

எங்கள் கேம்ப் வாட்ச்மேன் நேபாளி. மலையிலேயே பிறந்தவன். மூட்டையோடு படியேறும் அண்ணாச்சியைப் பார்த்து அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். இங்கே எல்லா நாட்டுக்காரனும் பேசுகிற, பாதி இந்தி பாதி அரபியான பேச்சில் சொன்னான்: "பாய், டண்டா நோ பிராப்ளம். ஹவா மாஃபி." குளிர் பிரச்சினை இல்லை, காற்றுதான் இருக்காது.

"காத்து எங்கடே இல்லாம இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி அடுத்த படி ஏறினார்.

லீவு சமயத்தில் ஊருக்குப் போகாமல் மலைக்குப் போகிறேன் என்று வளைகுடாவில் ஒருவன் சொன்னால் அவனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். எல்லோரும் பால்பவுடரும் பாதாமும் தைலமும் கட்டி அட்டைப்பெட்டி போடும்போது அண்ணாச்சி ஃப்ரீஸர் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். பத்து நாள் மலை, மீதி ஊர் என்று திட்டம். மதினிக்குப் போன் போட்டுச் சொன்னார். மதினி உடனே போனை என்னிடம் கொடுக்கச் சொல்லியது.

"ஏ தம்பி, அவரு போவட்டும். சொன்னா கேக்கவா போறாரு? ஆனா நீ கூடப் போவணும்."

"நான் எதுக்கு மதினி? எனக்கு மாடியில நின்னாலே தலை சுத்தும்."

"அதுக்குத்தான். துணிஞ்சவன் ரெண்டு பேரு போனா ரெண்டும் திரும்பாது. பயப்படுத ஆளு ஒண்ணு கூட இருந்தாத்தான் மத்தது உசிரோட வரும்."

மறுத்துப் பார்த்தேன். ஆனால் நான் போகாமல் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை, போனால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற கவலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. போனேன்.

டெல்லி போய், அங்கிருந்து லே என்ற ஊருக்கு விமானம். மலைகளுக்கு நடுவே இறங்கியபோது நான் கண்ணைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணாச்சி மார்பு நிறைய மூச்சிழுத்தார். பிப்ரவரி மாதம். ஆற்றின் ஓரமெல்லாம் பளிங்காக உறைந்து கிடந்தது. "ஆஹா. சரக்கு எடுக்கப் போறாப்புலயே இருக்கு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் சம்பள நாளில்கூடப் பார்த்ததில்லை.

எங்களை அழைத்துப்போக வந்திருந்த வழிகாட்டி பெயர் தோர்ஜே. சிவந்த கன்னம், சாந்தமான முகம். அவன் முதலில் சொன்னது, இரண்டு நாள் படுத்தே இருக்க வேண்டும், உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும், அப்புறம்தான் மேலே போகலாம் என்பது. அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அது பிளஸ்ல இருந்து வாறவனுக்குடே. நாம மைனஸ்காரங்க."

ஒரு மத்தியானம் படுத்தார். எழுந்து உட்கார்ந்து "கலாஸ்" என்றார், முடிந்தது என்று அர்த்தம். மறுநாள் காலையிலேயே ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருந்த மடத்துக்குப் படியேறிவிட்டோம். பாதிப் படியில் எனக்கு மூச்சு இரைத்தது. இருதயம் நின்றுவிடுமோ, நின்றால் உடம்பை எந்த வழியாக அறந்தாங்கிக்குக் கொண்டுபோவார்கள் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

உள்ளே இருட்டுக் கூடம், நெய்விளக்கு, சிவப்புப் போர்வைக்குள் முனகிக்கொண்டிருக்கும் பிக்குகள். ஒரு மூலையில் கோரைப்பல்லும் மண்டையோட்டு மாலையுமாக ஒரு காவல் தெய்வம். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அண்ணாச்சி நேராகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பயப்படாதடே. நம்ம சுடலைமாடன்தான். குளிருக்குக் கொஞ்சம் கூடுதலா உடுத்திருக்காரு."

வயதான பிக்கு ஒருவர் உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொடுத்தார். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அண்ணாச்சி குடிக்கக் குடிக்க அவர் ஊற்றினார், அவர் ஊற்ற ஊற்ற அண்ணாச்சி குடித்தார். கோப்பையைக் காலியாக வைத்தால் நிரப்புவது அவர்கள் மரியாதை. ஊற்றியதை மிச்சம் வைக்காமல் இருப்பது திசையன்விளை மரியாதை. இரண்டு மரியாதையும் மோதி, கடைசியில் கெண்டிதான் தோற்றது. கிளம்பும்போது அண்ணாச்சி தோர்ஜே மூலமாகப் பிக்குவிடம் சிறுத்தை கண்ணில் படுமா என்று கேட்டார். பிக்கு யோசித்து, அதற்கும் வேலை இருக்கும் அல்லவா என்றார். அந்தப் பதில் அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "டூட்டி பாக்குற ஆளுடே அது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாளே இன்னும் உயரத்தில் இருந்த கிராமத்துக்கு ஜீப்பில் ஏறிவிட்டோம். ஒரு நாள் பொறுக்கலாமே என்று தோர்ஜே சொல்லிப் பார்த்தான். லீவு நாள் குறைகிறதே என்றார் அண்ணாச்சி. பத்துப் பன்னிரண்டு வீடு, ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் வைக்கோல், கொட்டிலில் ஆடுகள். எதிரே பாறைச்சரிவில் சாம்பல் நிறக் காட்டாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை எல்லாம் ஒரே பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கே சிறுத்தை இருக்கிறது என்று அர்த்தம் என்றான் தோர்ஜே. அண்ணாச்சி அதற்கப்புறம் ஆடுகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவருடைய உடுப்புதான் தகராறு ஆனது. கம்பெனி ஃப்ரீஸர் உடுப்பு, இருட்டில் ஃபோர்க் லிஃப்ட் இடிக்காமல் இருக்க முதுகிலும் கையிலும் பளபளவென்று பட்டை. வெயில் பட்டதும் மலை முழுக்க மின்னியது. காட்டாடுகள் எல்லாம் ஒரே பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தன. அண்ணாச்சி பரபரப்பாக எங்கே எங்கே என்று திரும்பினார். அவை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பெரிய பெரிய காமிராக்களோடு வந்திருந்த மற்ற சுற்றுலாக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தோர்ஜே பணிவாக உடுப்பைத் திருப்பிப் போடச் சொன்னான். திருப்பினால் உள்பக்கம் ஆரஞ்சு. கடைசியில் வீட்டுக்கார அம்மாவின் பழைய போர்வை ஒன்றைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று முழுக்க உட்கார்ந்தார். ஒரு நரி வந்தது. தாடி வைத்த பெரிய கழுகு ஒன்று தலைக்கு மேல் போனது. ஒவ்வொரு தடவையும் தோர்ஜேயிடம், "சீத்தா மாஃபி?" என்பார், சிறுத்தை இல்லையா என்று. இரண்டு நாளில் அந்த மாஃபியைக் கற்றுக்கொண்டுவிட்ட தோர்ஜே, "அபி மாஃபி, அண்ணாச்சி" என்பான். இன்னும் இல்லை.

எனக்கு அன்று சாயங்காலம் தலைவலி. ஆனாலும் கவலைக்குக் குறைவில்லை. பனிச்சரிவு வருமா, ஜீப் கிளம்புமா, கொட்டிலில் இருக்கும் ஆட்டைத் தேடி அந்தச் சிறுத்தை நேராக இங்கேயே வந்துவிடுமா என்று வரிசையாகச் சொன்னேன். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் நல்லது, நல்லது என்றார்.

மறுநாள் காலை விடிந்து கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். ஊருக்குக் கீழே ரோடு வளைகிற இடத்தில், எதிர்ப்பாறையில் சிறுத்தை படுத்திருக்கிறது, வெயில் காய்கிறது, இப்போதைக்கு எழுந்திருக்காது. கிராமமே எழுந்துகொண்டது. சுற்றுலாக்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். அண்ணாச்சி பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் பைனாகுலரை எடுத்தார்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சுகமாக இருந்தது. ஜன்னல் வழியே வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டினவர், பழக்க தோஷம்தான், திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"ஏ அறந்தாங்கி, இப்ப என்ன கவலை?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

நாலு எட்டு போயிருப்பார். நின்றார். திரும்பி உள்ளே வந்தார். என் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"திரும்பிப் போற ஃபிளைட்டு?"

"அது போகும் அண்ணாச்சி."

"ஊர்ல பின்சுவரு?"

"இருந்தா இருக்கு, விழுந்தா விழுது."

"கம்பெனியில ஆளைக் குறைக்கப் போறானாமே?"

"குறைக்கட்டுமே" என்று சிரித்தேனாம்.

அண்ணாச்சி எழுந்து போட்ட சத்தத்தில் கொட்டில் ஆடுகள் மிரண்டன என்று தோர்ஜே பிற்பாடு சொன்னான். யல்லா, கிளம்பு, ஜீப்பை எடு, இவன் போகிறான் என்று கத்தியிருக்கிறார். தோர்ஜே ஓடிவந்து என்னைப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இவர் சந்தோஷமாகத்தானே இருக்கிறார், மடத்துக்குப் போய் வந்ததில் மனசு அமைதியாகிவிட்டது போலிருக்கிறது என்றிருக்கிறான்.

"அமைதியா? இவனுக்கா?" என்றார் அண்ணாச்சி. "ஃப்ரீஸருக்குள்ள நின்னு மேனேஜர் சிரிச்சதுக்குக் கவலைப்பட்ட பயடே இவன். இவன் கவலையை விட்டான்னா உசிரை விடப் போறான்னு அர்த்தம்."

தோர்ஜேக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் புரிந்திருக்கிறது. என்னை எழுப்பி நேராக நடக்கச் சொன்னான். நான் நேராகத்தான் நடந்தேன். கொட்டில் சுவர்தான் குறுக்கே வந்து என்மேல் மோதியது. அதன்பின் தோர்ஜேயும் பேசவில்லை. இரண்டு பேருமாக என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். உயரம் மூளையைப் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகுமாம். உடனே கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம்.

கீழே இறங்கும் ரோடு, சிறுத்தை படுத்திருந்த அந்த வளைவு வழியாகத்தான் போகிறது. ரோட்டோரம் வரிசையாகத் தொலைநோக்கிகள், வரிசையாக முதுகுகள், மூச்சுச் சத்தம்கூட இல்லை. முதல் நாள் அண்ணாச்சியைப் பார்த்து முணுமுணுத்த ஒருவரே ஜீப்பைக் கண்டு கையசைத்து, வா, வந்து பார், எழுந்து உட்கார்ந்திருக்கிறது என்று தன் தொலைநோக்கியை விட்டு விலகி இடம் கொடுத்தாராம். தோர்ஜே வண்டியை மெதுவாக்கினான். ஒரே நிமிஷம் என்றான்.

"நிறுத்தாத" என்றார் அண்ணாச்சி.

தோர்ஜே இதை எனக்குப் பலதரம் சொல்லிவிட்டான். எதிர்ப்பாறை இடதுபக்கம், கண்ணுக்கு நேரே. வெறுங்கண்ணாலேயே பார்த்திருக்கலாமாம். அண்ணாச்சி தலையைத் திருப்பவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னென்ன கவலை உண்டோ அத்தனையையும் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தாராம். அம்மாவின் மூட்டுவலி, விசா, புது மேனேஜர், பின்சுவர். என் கவலைகளை என்னைவிடச் சரியாக அவர் அடுக்கியிருக்கிறார்.

லே ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்கப் போட்டார்கள். மறுநாள்தான் எனக்குத் தெளிந்தது. கண்ணைத் திறந்தால் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பளபளப் பட்டை போட்ட அந்த ஃப்ரீஸர் உடுப்பு என்மேல் போர்த்தியிருந்தது. அவர் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்ன கவலை?" என்றார்.

நான் சட்டென்று தலையணைக்கு அடியில் துழாவினேன்.

"அண்ணாச்சி, பாஸ்போர்ட் எங்க? மலை மேலயே விட்டுட்டு வந்துட்டமா? பாஸ்போர்ட் இல்லாம எப்படித் திரும்பிப் போறது? அதுல விசா இருக்கே."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அந்தப் பக்கமாகப் போன நர்ஸிடம், "வந்துட்டான்மா. முழுசா வந்துட்டான்" என்றார், தமிழில். அந்தப் பெண் லடாக்கி. அவளும் தலையாட்டிச் சிரித்தாள். அப்புறம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாஸ்போர்ட் இருக்கும் பெட்டி தோர்ஜேயிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேறென்ன, வேறென்ன என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, கோயிலில் நாதஸ்வரம் கேட்கிறவர் மாதிரிக் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "வாட்ச்மேன் அன்னிக்கே சொன்னான்டே, காத்து மாஃபின்னு. எனக்கு மைனஸ் மட்டுந்தான் தெரிஞ்சுது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேச விடவில்லை. பயந்தவனைத் துணைக்கு அனுப்பிய மதினியின் புத்தியைப் பற்றித்தான் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

சிறுத்தை அன்று மத்தியானமே எழுந்து போய்விட்டது. அதற்கப்புறம் எங்கள் லீவு நாளுக்குள் அது யார் கண்ணிலும் படவில்லை. விமான நிலையத்தில் வழியனுப்பும்போது தோர்ஜே ஆறுதலாக, நீங்கள் அதைப் பார்க்காவிட்டால் என்ன, அது உங்களைப் பார்த்திருக்கும் என்றான்.

"அது என்னைப் பாத்து என்னடே பிரயோஜனம்?" என்றார் அண்ணாச்சி. "நானா வாலை மப்ளரா சுத்தியிருக்கேன்?"

கேம்ப்புக்குத் திரும்பியதும் எல்லோரும் சுற்றி நின்று சிறுத்தை பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அவர் வருத்தப்படுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். "பாத்திருந்தா கதை முடிஞ்சிருக்கும்லா. இப்ப மறுபடியும் போவலாம்" என்று சொல்லிவிட்டு ஏசியைப் பதினாறில் வைத்தார்.

இப்போது அவர் ஜெபல் அலியில் இல்லை. குவைத்தில் ஃபஹாஹீலில் ஒரு கோல்டு ஸ்டோருக்கு மாறிவிட்டார். பதவி உயர்வா என்று கேட்டேன். இல்லை, அங்கே குளிர் இரண்டு டிகிரி கூடுதல் என்றார். எங்கள் ஃப்ரீஸரில் இன்று யாரும் ஓகேயா என்று கேட்பதில்லை. அவனவன் சரக்கிலிருந்துதான் கேட்கிறோம். புதுப் பையன்களுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, கவலை அண்ணன் என்றால் கடைசி லாரி டிரைவர் வரைக்கும் தெரியும்.

வருகிற பிப்ரவரிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அவர் குவைத்திலிருந்து, நான் துபாயிலிருந்து, டெல்லியில் சந்திக்கிறோம். இந்தத் தடவை லேயில் முழுசாக மூன்று நாள் படுக்கை, யாரானாலும் பாத்ரூமுக்கு எழுந்தால்கூட மெதுவாகத்தான் எழ வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. உடுப்புக்கு மண் நிறத்தில் உறை தைத்து மதினி அனுப்பியிருக்கிறது. தோர்ஜே போனில் ஆடுகளின் க்ஷேமம் சொல்கிறான்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணாச்சி போன் பண்ணுவார். ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது. போன வாரமும் அதேதான்.

"ஏ அறந்தாங்கி, இப்ப என்ன கவலை?"

"இந்தத் தடவையாவது அது உங்க கண்ணுல படணுமேன்னுதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி ஃப்ரீஸர் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அது நான் படவேண்டிய கவலைல்லாடே" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி" என்றேன். "என் கவலையெல்லாம் நீங்க ஜீப்புல தூக்கிக்கிட்டு வந்தீங்கள்ல. இந்த ஒண்ணை நான் வச்சுக்கிறேன்."